பழங்குழம்பு சுண்டுகிற நேரம்

முத்தாபுதுப்பேட்டை,
பார்த்திப வருஷம் தை மாதம் 5-ந் தேதி.

சிரஞ்சீவி கங்காதரனுக்கு அம்மா மனசார ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும், பூந்தமல்லியில் உன் தங்கை வசந்தாவும் மாப்பிள்ளையும் குழந்தையும், கொட்டிலில் இரண்டு மாடும் புதிதாக ஈன்ற கன்றும் சுகம். பம்பாயில் நீயும் உன்னோடு அறையில் இருக்கும் பிள்ளைகளும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, சுகமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். அப்படி இல்லையென்றால் உடனே எழுது. கார்த்திகையில் நீ போட்ட கார்டுக்கு இவ்வளவு நாள் கழித்துப் பதில் எழுதுகிறேனே என்று வருத்தப்படாதே, அதற்குக் காரணம் இருக்கிறது, வரிசையாகச் சொல்கிறேன். உனக்குச் சொல்லவேண்டிய விஷயம் ஒன்று மூன்று வருஷமாக என் தொண்டையிலேயே நிற்கிறது. நீ வீட்டை விட்டுப் போனதைப் பற்றியது. அதை இன்றைக்கு எழுதிவிடுவதென்று உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் எனக்கு எதையும் நேராகப் போய்த் தொடத் தெரியாது, சுற்றி வளைத்துத்தான் வருவேன், நீ பொறுமையாகப் படி.

இப்போது மத்தியானம். பொங்கல் போய் ஐந்தாம் நாள். உன் நைனா கழனிக்குப் போயிருக்கிறார். அடுப்பில் பொங்கல் குழம்பு இருக்கிறது, அன்றைக்கு வைத்த அதே குழம்புதான், மொச்சையும் அவரையும் கத்தரியும் வாழைக்காயும் பூசணியும் சர்க்கரைவள்ளியும் கருணையும் போட்டு வைத்தது. இந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது, ஏரி பாதிகூட நிறையவில்லை, காயெல்லாம் இளைத்துத்தான் இருந்தது, ஆனாலும் ஏழு காய் குறையவிடவில்லை. முதல் நாள் தண்ணியாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் மீந்த பொரியலை அதில் போட்டேன், மூன்றாம் நாள் மீந்த கூட்டைப் போட்டேன், நேற்று கொஞ்சம் புளி கரைத்து ஊற்றினேன். இன்றைக்குப் பூசணி எது கிழங்கு எது என்று யாராலும் சொல்லமுடியாது, எல்லாம் கரைந்து ஒரே நிறமாகி, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து, உமியடுப்பில் மெதுவாகக் கொப்புளம் விட்டுக்கொண்டு கிடக்கிறது. அந்த வாசனைக்கு எனக்குக் கண் சொருகுகிறது. கையில் பேனாவைப் பிடித்துக்கொண்டே இரண்டு தடவை தூங்கிவிட்டேன், காகிதத்தில் மை சிந்தியிருப்பதைப் பார். தூங்கினேனா, விழித்துக்கொண்டுதான் பார்த்தேனா தெரியவில்லை, நீ ஐந்து வயசுப் பிள்ளையாக அடுப்புக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாய். குழம்புச் சட்டி காலியானதும் அதில் சுடுசோற்றைப் போட்டுப் புரட்டி உருண்டை பிடித்துக் கொடுப்பேனே, வசந்தாவுக்கு ஒன்று உனக்கு ஒன்று என்று, சட்டியில் ஒட்டினது எல்லாம் சோற்றில் வந்துவிடும், கடைசி உருண்டை யாருக்கு என்று நீங்கள் இருவரும் அடித்துக்கொள்வீர்கள், அதற்காகக் கையை நீட்டிக்கொண்டிருந்தாய். உருண்டையை வைக்கப்போனேன், கை இல்லை. சாம்பல்தான் இருந்தது. உடனே எழுந்து சட்டியைக் கிளறிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

நீ எழுதியிருந்தாய், மெஸ்ஸில் சாப்பாடு பிடிக்காமல் நீங்கள் மூன்று பேரும் அறையிலேயே ஸ்டவ் வைத்துச் சமைத்துக்கொள்வதாகவும், அளவு தெரியாமல் வடித்து மீந்துபோவதைக் கொட்டிவிடுவதாகவும். படித்ததும் எனக்குப் பகீர் என்றது. ரேஷன் அரிசியைக் கொட்டுவார்களா அப்பா, இங்கே ஒரு படி அரிசிக்கு ஜனங்கள் நிற்கிற வரிசையை நீ பார்க்கவில்லை. மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடி வை, காலையில் உப்புப் போட்டுப் பிசைந்து, வெங்காயத்தைக் கையால் நசுக்கிக் கடித்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போ, மத்தியானம் வரைக்கும் வயிறு ஜில்லென்று இருக்கும். அங்கே கொடுக்கிற கோதுமையில் ரொட்டி சுட்டு மீந்தால் பிய்த்துப் போட்டு, கடுகு தாளித்து, வெங்காயம் வதக்கி, தண்ணீர் தெளித்துக் கிளறு. சிரிக்காதே, நான் செய்து பார்த்ததுதான். சண்டை நடந்தபோது ஆவடிப் பட்டாள முகாமில் மீந்த ரொட்டியை ஒருத்தன் மாட்டுக்கென்று கூடையில் கொண்டுவந்து போடுவான். உன் நைனா மாட்டுக்குப் பாதி வைத்துவிட்டு மீதியை எனக்குத் தெரியாமல் முகர்ந்து பார்த்துக்கொண்டு நின்றார். நான் வாங்கி உப்புமா கிண்டிக் கொடுத்தேன். தின்றுவிட்டு, வெள்ளக்காரன் துண்றது இவ்ளோ ருசியா கீதா, அதான் ஊரை உட்டு ஊரு வந்து சண்ட போடறானா என்றார். இப்போது சண்டை முடிந்து பாதிப் பட்டாளம் கிளம்பிவிட்டது, லாரிச் சத்தமும் குறைந்துவிட்டது, ரொட்டிக் கூடையும் வருவதில்லை. உன் நைனாவுக்குத்தான் வருத்தம். மீந்த சோற்றை அரைத்துச் சீரகம் போட்டுப் பிழிந்து காயவைத்த வடகம் ஒரு டப்பா நிறைய வசந்தாவின் கொழுந்தன் மூலம் அனுப்பியிருக்கிறேன், அவன் மாசக் கடைசியில் பம்பாய் வருகிறான். மழை நாளில் பொரித்துக்கொள்.

இனி என் சமாசாரம். ஐப்பசிக் கடைசியில் எனக்கு விஷக்காய்ச்சல் கண்டது. இருபத்தொரு நாள். உனக்கு எழுதவேண்டாம் என்று நான்தான் சொல்லிவைத்திருந்தேன், வசந்தா மேல் கோபப்படாதே. உன் கார்டு வந்தபோது படுக்கையில் கிடந்தேன், எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊர்ந்தது, தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு மூன்று நாள் கழித்துத்தான் படிக்க முடிந்தது. அந்தக் காய்ச்சலில் நான் பயந்ததாக நினைவே இல்லை. எங்கேயோ மிதந்துகொண்டிருந்தேன். இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் நான் ஆக்கின சோறெல்லாம் திரும்பி வந்தது போல இருந்தது. பானை பானையாக வந்து வரிசையில் நிற்கிறது, ஆவி பறக்கிறது, பந்தியில் உட்கார்ந்திருக்கிறவர்களின் முகம் ஆவியில் தெரியவில்லை, முதுகு மட்டும் தெரிகிறது. நான் கரண்டியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு முதுகாகப் பார்த்துக்கொண்டு போகிறேன், உன் முதுகைத் தேடிக்கொண்டு. வலது தோள்பட்டையில் உனக்கு மச்சம் இருக்கிறதே, அதைத் தேடினேன். பந்தி முடியவே இல்லை. பட்டாபிராம் பக்கம் பம்பாய் வண்டி போகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் பந்தியில் யாரோ எழுந்து போவார்கள். விழித்துப் பார்த்தால் உன் நைனா என் காலடியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருப்பார்.

காய்ச்சல் விட்டது, ஆனால் நாக்கு செத்துவிட்டது. கஞ்சியும் மோரும் தவிர வேறெதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்புறம் ரசஞ்சோறு தரலாம் என்றார், இட்லி தரலாம் என்றார், எதைத் தந்தாலும் மரத்தூளை மெல்லுகிற மாதிரிதான். வசந்தா கைக்குழந்தைக்காரி, வர முடியவில்லை. உன் நைனாவின் அக்கா தாட்சாயிணி அத்தை வந்து ஒரு வாரம் சமைத்துப்போட்டார். அவர் வைத்த குழம்பைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, பெரியவர்கள். அவர் போனபிறகு உன் நைனாவே அடுப்பங்கரையில் இறங்கிவிட்டார். ஏர் பிடிக்கிற கை, கரண்டியை எப்படிப் பிடிக்கும், கலப்பையைப் பிடிக்கிற மாதிரியே பிடித்தார். கஞ்சி தினமும் ஒரு பக்கம் தீய்ந்துபோகும். நான் இரண்டு மடக்குக் குடித்துவிட்டுப் போதும் என்று வைத்துவிடுவேன். மீதிக் கஞ்சியை என்ன செய்கிறார் என்று ஒருநாள் பார்த்தேன். கொல்லைப்பக்கம் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நான் வாய்வைத்த அதே தம்ளரோடு குடித்தார். அவர் சாப்பிட்ட இலையில்தான் இருபத்தைந்து வருஷமாக நான் சாப்பிட்டு வருகிறேன். நான் மிச்சம் வைத்ததை அவர் குடித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். வீணாகக் கூடாதென்றுதான் குடித்திருப்பார், அவரைத்தான் உனக்குத் தெரியுமே, கோவணத் துணி கிழிந்தால்கூட விளக்குத் திரியாக்குகிறவர். ஆனாலும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எலும்பும் தோலுமாகிவிட்டேன் கங்காதரா, எழுந்து நின்றால் சுவர் வேண்டும். இவள் பிழைக்க மாட்டாள் என்று ஊரில் பேசிக்கொண்டதை நானே கேட்டேன்.

மார்கழி பத்தோ பதினொன்றோ, வெயில் ஏறின நேரம், கொல்லைப்பக்கம் யாரோ அம்மா அம்மா என்று மெதுவாகக் கூப்பிடுவது கேட்டது. முனியம்மா. நம் கழனியில் நடவும் அறுப்பும் அவள் இல்லாமல் ஏது, உன் சிநேகிதன் மதுரைவீரனின் ஆத்தா. முந்தானைக்குள் ஒரு சின்னச் சட்டியை மறைத்துப் பிடித்துக்கொண்டு புளியமரத்துக்குப் பக்கத்தில் நின்றாள். கேவுரு கூழும் பழங்கொழம்பும் கீதும்மா, நாக்கு செத்தவங்களுக்கு இதான் மருந்து, நான் கொண்டாந்தேன்னு யாருகிட்டயும் சொல்லாதீங்க என்றாள். கிட்டே வந்து கொடுக்கவும் அவளுக்குப் பயம், வேண்டாம் என்று சொல்லிவிடுவேனோ என்று. எனக்கு அந்த வாசனை வந்துவிட்டது. ஒன்றரை மாசமாக ஒரு வாசனையும் தெரியாத மூக்கில் அது போய் ஏறிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனேன், கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்தேன், கையை நீட்டினேன். அவள் கேழ்வரகுக் கூழை உருட்டி, நடுவில் குழியாக்கி, என் உள்ளங்கையில் கைபடாமல் போட்டு, எட்டி நின்று குழம்பை விட்டாள். முருங்கைக்கீரை போட்டுச் சுண்டக் காய்ச்சின குழம்பு. நாக்கில் பட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. என்னடி போட்டாய் இதில் என்று கேட்டேன். நான் இன்னாத்த போட்டேன், நாலு ஊட்டுக் கொழம்பும் இதுல கீது, உங்க ஊட்டுதும் கீது, உங்க நாத்தனாரம்மா வெச்சதைத்தானே போன வாரம் எனக்கு ஊத்தினாங்க, சூடு பண்ணிப் பண்ணி இப்டி ஆயிடுச்சி என்றாள். தாட்சாயிணி அத்தை குழம்புக்கு அவ்வளவு ருசி முனியம்மா கைக்குப் போய்த்தான் வந்தது. சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. சிரித்துக்கொண்டே குனிந்து பார்த்தேன், நான் உட்கார்ந்திருந்த இடம் தெரிந்தது. சிரிப்பு போய்விட்டது.

இனிமேல் சுற்றி வளைக்க முடியாது. வசந்தாவின் கல்யாணத்துக்கு மறுநாள். பந்தியில் மீந்த சாம்பார், பொரியல், கூட்டு எல்லாவற்றையும் பெரிய அண்டாவில் கொட்டிப் புளி ஊற்றிக் கொதிக்கவைத்து, முதலில் வீட்டு ஜனம் உறவுஜனம் சாப்பிட்டு, அதற்கப்புறம் மிச்சத்தைப் புளியமரத்தடியில் கழனியாட்களுக்கு ஊற்றுவது நம் வழக்கம். அவரவர் சட்டியோடு வந்து நின்றார்கள். நீ ஊற்றிக்கொண்டே இருந்தவன், கடைசியில் அவர்களோடேயே வரிசையில் உட்கார்ந்து மதுரைவீரன் சட்டியில் கைபோட்டுச் சாப்பிட்டாய். நாலு நாள் பந்தல்கால் நட்டது அவன், தோரணம் கட்டினது அவன், உனக்கு அது தப்பாகவே படவில்லை. உன் நைனா கத்தினார், சம்பந்திக்காரர்கள் முன்னால் மானம் போச்சு என்று கத்தினார், நீயும் திருப்பிப் பேசினாய். ஊருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பெத்த பிள்ளையைக் கத்திக் கத்தித் துரத்திவிட்டான் என்று ஊர் பேசுகிறது. நானும் அதை இல்லை என்று சொன்னதில்லை. தாட்சாயிணி அத்தை கேட்டபோது, அவர் வாய் சும்மா இருந்தால்தானே என்றுகூடச் சொன்னேன்.

ஆனால் உனக்கும் எனக்கும் தெரியும். உன் நைனா கத்தலைக் கேட்டுக் கேட்டுத்தானே வளர்ந்தாய், அதற்கா ஊரை விட்டுப் போவாய். அன்று மத்தியானம் பசியோடு வந்தாய். கூடத்தில் உறவுஜனம் நிறைந்திருந்தது. அத்தை என்னைப் பார்த்தார், சம்பந்தியம்மாள் என்னைப் பார்த்தார். யாரும் சொல்லாமல் நானாகத்தான் உன் தட்டை எடுக்காமல், ஒரு இலையை அறுத்துக்கொண்டு போய், கொல்லைக் கதவுக்கு வெளியே, கிணற்றடிக் கல்லுக்குப் பக்கத்தில் போட்டேன். பத்து மாசம் சுமந்த வயிறு, அன்றைக்கு எங்கே போயிருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. நீ இலையைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், உட்கார்ந்தாய். நான் தூக்கித்தான் ஊற்றினேன் கங்காதரா, அவர்களுக்கு ஊற்றுகிற மாதிரி, கரண்டி இலையில் படாமல். நீ ஒரு பருக்கை மீதி வைக்கவில்லை. சாப்பிட்டு முடித்து, இந்த வீட்டில் பிள்ளைகள் ஒருநாளும் செய்யாததைச் செய்தாய், உன் எச்சில் இலையை நீயே எடுத்துக்கொண்டு போய்க் குப்பையில் போட்டாய். மூன்றாம் நாள் காலையில் மாட்டுக் கழுத்தைத் தடவிவிட்டு, எங்கள் இருவரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் ஸ்டேஷனுக்கு நடந்துவிட்டாய். மூன்று வருஷமும் ஐந்து மாசமும் ஆகிறது. உறவுக்குப் பயந்தேன், வசந்தாவைப் புகுந்த வீட்டில் ஏதாவது சொல்வார்களோ என்று பயந்தேன், இதெல்லாம் காரணம்தான், ஆனால் சமாதானம் இல்லை. அந்தக் கல்லில் உட்கார்ந்து, உள்ளங்கையில் கூழை ஏந்திக்கொண்டு, ஒருத்தி தூரத்திலிருந்து கைபடாமல் ஊற்றுவதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு ஊற்றும்போதும் முனியம்மா அப்படித்தான் ஊற்றினாள், தன் கை என்மேல் பட்டுவிடக்கூடாதே என்று. அவளுக்கு அது பழக்கமாகிவிட்டது. நான் அழுதேன். காரமா அம்மா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அந்த நேரத்தில் உன் நைனா கழனியிலிருந்து வந்துவிட்டார். முனியம்மா சட்டியை வைத்துவிட்டுப் பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டாள். நான் வாயில் கூழோடு உட்கார்ந்திருக்கிறேன், விழுங்கவும் முடியவில்லை துப்பவும் முடியவில்லை. உன் நைனா என்னைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார். துண்ணு துண்ணு, எறங்குதா என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனார். மறுநாள் அதே வேளைக்குக் கொல்லைக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு அவரே நின்றார். அவள் வரவில்லை. பயந்துவிட்டாள். இவர் வரப்பு வரைக்கும் நடந்து போய், முனியம்மா, நேத்து கொண்டாந்தியே, இன்னிக்கு இன்னா ஆச்சு, இங்க ஒருத்தி காத்துகினு கீறா இல்ல என்று கூப்பிட்ட சத்தம் எனக்கு வீட்டுக்குள் கேட்டது. அன்றுமுதல் பதினைந்து நாள் அவள் சட்டிதான் எனக்குச் சாப்பாடு. உடம்பு தேறினது அதில்தான், டாக்டர் தன் மருந்தில்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் மிச்சம் வைத்ததை உன் நைனா விரலால் வழித்துச் சாப்பிட்டார். இந்தத் தடவை எனக்கு முதுகைக் காட்டவில்லை.

ஒருநாள் அப்படி வழித்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், அன்னிக்கி நீ வெளிய எலை போட்டது எனக்குத் தெரியும்டி என்றார். வைக்கோற்போருக்குப் பின்னால் நின்றுகொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாராம், நீ இலையை எடுத்துக்கொண்டு போனது வரைக்கும். அப்புறம் ஏன் ஊரெல்லாம் உங்களைச் சொல்லும்போது வாயை மூடிக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எழுதுகிறேன், நான் அழகுபடுத்தவில்லை. பையன் என்மேல கோவமா கீறான்னா என்னிக்காவது ஒரு நாளு வருவான், அப்பன் மேல கோவப்படாத புள்ள எங்க கீது, பெத்தவ மேலன்னா எங்கடி வருவான், அதான் என்மேலயே கெடக்கட்டும்னு உட்டுட்டேன் என்றார். சட்டியைக் கழுவி வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். நான் உனக்கு எழுதிவிடுகிறேன் என்று பின்னாலேயே போனேன். எழுதாதே என்று சொல்லிவிட்டார். கண்டிப்பாகத்தான் சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொல்லை மீறி நான் செய்கிற முதல் காரியம் இந்தக் கடிதம்.

நான் ஒன்றும் திடீரென்று ஞானம் வந்தவளாகிவிடவில்லை. பொங்கலன்றைக்கு முனியம்மாவை உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். வேணாம்மா, நீங்க மறந்துட்டீங்க, ஊரு மறக்காது, நாளைக்கு என் புள்ளையத்தான் கேப்பாங்க என்றாள். அவள் சொன்னது நிஜம், நான் வற்புறுத்தவில்லை. ஆனால் அவளுக்குக் குழம்பு ஊற்றும்போது கரண்டியைத் தூக்கிப் பிடிக்கவில்லை, சட்டியைக் கையில் வாங்கி, ஊற்றி, கையில் கொடுத்தேன். அவள்தான் வெடுக்கென்று விரலை இழுத்துக்கொண்டாள். அவ்வளவுதான் நடந்தது, அதற்கு மேல் நடந்ததாக உனக்குப் பெருமையாக எழுத ஒன்றுமில்லை. மதுரைவீரன் இப்போது பட்டாபிராமில் சரக்கு வண்டி நிற்கிற மிலிட்டரி சைடிங்கில் மூட்டை தூக்குகிறான், அண்ணாத்தே எப்போ வரும் என்று பார்க்கும்போதெல்லாம் கேட்கிறான். நான் ஆனியில் வரும், ஆடியில் வரும் என்று சொல்லிக்கொண்டே மூன்று வருஷம் ஓட்டிவிட்டேன்.

குழம்பு சுண்டிவிட்டது, இனி இறக்காவிட்டால் அடி பிடித்துவிடும், நானும் முடிக்கவேண்டும். தினமும் தலைக்கு எண்ணெய் வை. ஈரத்துணியோடு தூங்காதே. அந்தப் பிள்ளைகளோடு சண்டை வந்தால் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் பேசாதே. காமாட்சியம்மன் உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுசும் பசிக்கிற வயிறும் எப்போதும் கொடுக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காமல் செய். உன் அடுத்த கார்டை என் பெயருக்குப் போடாதே. போன நாளிலிருந்து ஒவ்வொரு கார்டும் எனக்குத்தான் போட்டிருக்கிறாய். தபால்கார வேம்புலி வாசலில் சைக்கிள் மணி அடித்ததும் உன் நைனா எந்த வேலையில் இருந்தாலும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்பார், வேம்புலி என் பெயரைச் சொன்னதும் ஒன்றுமே இல்லாத மாதிரி மாட்டைப் பார்க்கத் திரும்பிவிடுவார். இந்தத் தடவை மேல்விலாசத்தில் அவர் பெயரை எழுது. என் வாயால் சொல்லவும் கையால் எழுதவும் கூடாத பெயர், உனக்குத் தெரிந்ததுதான். உள்ளே சௌக்கியம் என்று ஒரே ஒரு வரி போதும். என்மேல் உள்ள கோபத்தை எனக்குத் தனிக் கவரில் எழுது, எத்தனை பக்கமானாலும் எழுது, வாங்கிக்கொள்கிறேன், அதை அவர் கார்டோடு கலக்காதே. அவருக்கு நான் படித்துக் காட்டமாட்டேன். அவருக்கு வந்ததை அவரே எழுத்துக் கூட்டிப் படிக்கட்டும், சாயங்காலம் ஆனாலும் சரி.

இப்படிக்கு,
உன் அம்மா
பூங்காவனம்